கட்டுரை நோட்டில் மாணவர் நடை: ஏஐ புழங்கும் தமிழ் வகுப்புக்குச் சில வழிமுறைகள்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை தமிழ்க் கட்டுரை எழுதவைக்கும் ஆசிரியர்களுக்கானது இது. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். அதற்கு வெகுகாலம் முன்பே ஒரே கட்டுரையை ஒரு வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டுதான் இருந்தது: நோட்ஸில் இருக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, தொடக்கத்தில் ஒரு குறள், முடிவில் ‘போற்றுவோம், காப்போம்’. எல்லாத் தலைப்புக்கும் அரை நிமிடத்தில் நோட்ஸ் தயாரித்துத் தருவதுதான் ஏஐ புதிதாகச் செய்தது. அதனால் போனைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் பிள்ளைகளுக்கு நடை வந்துவிடாது. வரிசையை மாற்ற வேண்டும். முதலில் மாணவர் எழுதட்டும், பிறகு இயந்திரம் வரட்டும். வந்த இயந்திரம் கேள்வி கேட்கலாம். எழுதித் தரக் கூடாது. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்தான்.

முதல் இரண்டு வாரம்: மாதிரி எழுத்து

ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் கையால் எழுதிய மூன்று மாதிரிகள் வேண்டும். ஒன்றுக்கு 20 நிமிடம், ஒரு பக்கம், வகுப்பிலேயே. ‘சுற்றுச்சூழல் மாசு’, ‘நூலகத்தின் பயன்’ மாதிரித் தலைப்புகள் வேண்டாம். அவற்றுக்கு மனப்பாடம் தயாராக இருக்கிறது. தலைப்பு மாணவரின் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருப்பது நல்லது: ‘காலையில் எங்கள் வீட்டில் முதல் காபி யாருக்குப் போகும், ஏன்?’, ‘பஸ்ஸில் எனக்குப் பிடித்த இடம்’, ‘ஒரு பொருளைப் பழுதுபார்ப்பதைக் கிட்ட நின்று பார்த்தேன்’.

மூன்று விதிகள் போதும். குறள், பழமொழி கூடாது. ‘நாம்’ என்ற சொல் கூடாது. ‘வேண்டும்’ என்று எந்த வாக்கியமும் முடியக் கூடாது. ‘நாம்’ வந்தால் பின்னாலேயே உபதேசமும் வந்துவிடும் என்பது கட்டுரை திருத்திப் பழகிய எவருக்கும் தெரியும்.

இந்த மூன்றையும் சிவப்பு மையால் தொடாதீர்கள். ஓரத்தில் மூன்று குறிப்பு மட்டும் எழுதுங்கள். ஏதாவது ஐந்து வாக்கியங்களில் உள்ள சொற்களை எண்ணி ஐந்தால் வகுத்தால் வரும் சராசரி ஒன்று. அந்த மாணவர் திரும்பத் திரும்பக் கையாளும் சொல் இன்னொன்று. மூன்றாவது, ‘இதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது’ என்று உங்களுக்குத் தோன்றிய ஒரு வாக்கியம். முதல் மாதிரியில் அப்படி எதுவும் கிடைக்காமல் போகலாம். அது பெரும்பாலும் நோட்ஸ் நடையில்தான் இருக்கும். மூன்று கேட்பது அதனால்தான். தாள்களை ஃபைலில் போட்டு ஆண்டு முழுக்க வைத்திருங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது இவைதான் கைகொடுக்கும்.

நடை எந்த இடத்தில் இருக்கிறது

‘உன் நடையில் எழுது’ என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. நடை எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு மாணவர் எழுதக்கூடிய பத்தி இது:

‘வியாழக்கிழமை என்றால் எட்டு மணிக்கே எங்கள் தெருவில் ஆள் இருக்காது. எல்லாரும் சந்தைக்குப் போய்விடுவார்கள். அம்மா வாங்குவது நாலே காய்தான், அதற்கு நாற்பது கடை ஏறி இறங்குவாள். கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள். கடைக்காரர் முறைப்பார். மத்தியானம் போனால் விலை குறையும், ஆனால் சொத்தைதான் மிஞ்சும்.’

இதை ஏஐயிடம் கொடுத்து ‘மேம்படுத்து’ என்று சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்:

‘வியாழக்கிழமைகளில் எங்கள் தெரு காலை எட்டு மணிக்கே வெறிச்சோடிக் காணப்படும். அனைவரும் சந்தைக்குச் சென்றுவிடுவர். என் தாயார் சில காய்கறிகளை மட்டுமே வாங்கினாலும், பல்வேறு கடைகளைப் பார்வையிட்டு, அவற்றின் தரத்தைக் கவனமாகச் சோதித்த பின்னரே தேர்ந்தெடுப்பார். சந்தை என்பது வெறும் வணிக இடம் மட்டுமல்ல, அது உறவுகளை இணைக்கும் பாலமாகவும் திகழ்கிறது.’

இரண்டையும் பலகையில் பக்கத்துப் பக்கமாக எழுதிப் போட்டு, இரண்டாவதில் காணாமல் போனது என்ன என்று கேளுங்கள். நாலே என்பதில் இருந்த ஏகாரம் போயிற்று. நாற்பது கடை ‘பல்வேறு கடைகள்’ ஆயிற்று. காம்பு இல்லை, கடைக்காரர் முறைத்தது இல்லை, சொத்தைக் காய் இல்லை. யாரும் கேட்காத ஒரு பாலம் வந்து சேர்ந்திருக்கிறது. பிழை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். அவசரத்தில் திருத்தும் ஆசிரியர் இரண்டாவதற்குத்தான் கூடுதல் மதிப்பெண் போடுவார்.

காரணத்தையும் மாணவருக்குச் சொல்லிவிடலாம். அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல் எது என்று கணித்துக் கணித்துத்தான் இந்த மென்பொருள் எழுதுகிறது. யாரையும் உறுத்தாத, பணிவான பதில் தரும்படி மேலும் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது. அது கற்ற எழுத்தில் தமிழின் பங்கு ஆங்கிலத்தைவிட மிகவும் குறைவு. அதனால் ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘உறுதி செய்கிறது’, ‘இன்றைய வேகமான உலகில்’ என்று செய்திக்குறிப்புத் தமிழ் கொட்டுகிறது. பெயருக்குப் பெயர் ‘மற்றும்’, தேவையில்லாத இடத்தில் எல்லாம் ‘ஒரு’, செய்தவர் யார் என்று சொல்லாத ‘செய்யப்படுகிறது’. இந்தத் தொடர்களை ஒரு சார்ட்டில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாணவர்களே புதிது புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பார்கள்.

இனி, பயிற்சி கொடுக்க வேண்டிய இடங்கள். தமிழில் எழுதுபவரின் மனநிலை பெரும்பாலும் சின்னச் சின்ன இடைச்சொற்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘அண்ணன் வந்தான்’ வெறும் தகவல். அண்ணனே வந்தான், அண்ணன்தான் வந்தான், அண்ணனும் வந்தான், அண்ணனாவது வந்தான், அண்ணன்கூட வந்தான்: ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெவ்வேறு கதை இருக்கிறது. ஐந்தையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

துணைவினையிலும் அப்படித்தான். சொல்லிவைத்தான், சொல்லிப்பார்த்தான், சொல்லிவிட்டான், சொல்லித்தொலைத்தான். வினை ஒன்றுதான், கடைசியில் ஒட்டிய சொல்லில் சொன்னவன்மேல் எழுதுபவருக்கு இருக்கும் அபிப்பிராயம் தெரிந்துவிடுகிறது. மாணவர் தன் மாதிரித் தாளில் ஐந்து முற்றுவினைகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் துணைவினை சேர்த்தும் எடுத்தும் வாய்விட்டுப் படிக்கட்டும். மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. காது பழகினால் சரி. இதில் ஒரு ஆபத்தும் உண்டு: பயிற்சி முடிந்த வாரம் எல்லா வாக்கியமும் ‘தான்’ போட்டு வரும். அடுத்த வாரம் ஒரு பக்கத்துக்கு மூன்று ‘தான்’ என்று வரம்பு வையுங்கள்.

விவரத்துக்கு ஒரே சோதனைதான். ஒரு வாக்கியத்தை அப்படியே பக்கத்து ஊர் மாணவர் கட்டுரையில் தூக்கி வைத்தாலும் பொருந்துமா? பொருந்தினால் அடிக்கோடிடு. ஒரு பத்தியில் அடிக்கோடு இரண்டைத் தாண்டினால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுது. ஏஐ எழுதிய ஒரு கட்டுரையை வகுப்புக்கே நகலெடுத்துக் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்துகாட்டுவது நல்ல தொடக்கம். கட்டுரை முழுக்கக் கோடாக நிற்கும்.

வாயிலிருந்து தாளுக்கு

பேசும்போது துள்ளுகிற பிள்ளை பேனாவைப் பிடித்ததும் ‘ஆகும்’, ‘உள்ளது’ என்று விறைத்துப்போவது தமிழில் சகஜம். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் நமக்கு இடைவெளி அதிகம். அந்த இடைவெளியைத்தான் ஏஐ சுலபமாக நிரப்பிக் கொடுக்கிறது. ஆகவே அதைக் கடக்கத் தனியாகப் பழக்க வேண்டும்.

இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் தலைப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டும்; மற்றவர் போனில் பதிவு செய்யட்டும். கூகுள் விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சையும் பயன்படுத்தலாம். நிறுத்தக்குறி பெரும்பாலும் இல்லாமல் வரும், வகுப்பு இரைச்சலில் சொற்கள் குழம்பும், வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேசியவரே கேட்டு, பேசியபடியே எழுதட்டும். மூன்றாவது படியில்தான் எழுத்து வழக்குக்கு மாற்றம்.

அந்த மாற்றத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வினைமுடிவுகளை மாற்றலாம்: போயிட்டாங்க என்பது போய்விட்டார்கள் ஆகலாம். இவங்க, அதுங்க போன்ற சுட்டுப்பெயர்களையும் அதேபோல மாற்றலாம். சொல் வந்த வரிசை, இடைச்சொல், துணைவினை, ஊர் வழக்கில் உள்ள பெயர்ச்சொற்கள் இவற்றை அப்படியே விட வேண்டும். ‘வந்தார் பாருங்கள் ஒருவர்’ என்று வினையில் தொடங்கியிருந்தால் அது வினையிலேயே தொடங்கட்டும். மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல் பேச்சு வழக்கிலேயே இருக்கலாம். கோவைப் பிள்ளை சீமாறு என்று எழுதினால் துடைப்பம் என்று அடித்துத் திருத்தாதீர்கள். நாம் அடித்துத் திருத்தும் சொற்களைத்தான் ஏஐயும் அடித்துத் திருத்துகிறது.

இயந்திரத்தை உள்ளே விடும் நேரம்

முதல் வரைவு வகுப்பில் முடிந்து, நீங்கள் தேதியோடு கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏஐ. இந்தக் கையெழுத்தில் சலுகை காட்டினால் மற்ற எல்லாம் வீண்.

முதல் கட்டளை இப்படி இருக்கட்டும்: ‘கீழே இருப்பது என் கட்டுரையின் முதல் வரைவு. நீ ஒரு வாக்கியமும் எழுதித் தராதே, எதையும் திருத்தாதே, பாராட்டாதே. படிக்கும்போது எங்கே இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது என்று 5 கேள்விகள் மட்டும் கேள். ஒவ்வொரு கேள்வியிலும் என் வரைவில் உள்ள ஒரு சொல்லையோ தொடரையோ மேற்கோள் காட்டு.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ‘சந்தையின் சமூக முக்கியத்துவம் என்ன?’ என்று கேட்கும். அதற்குப் பதில் எழுதப் போனால் மாணவர் மறுபடி நோட்ஸுக்குள் விழுவார். மேற்கோள் காட்டச் சொன்னால் ‘காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள் என்கிறாய், அதில் அவருக்கு என்ன தெரிகிறது?’ என்ற ரகத்தில் கேள்வி வரும். அந்தப் பதில் மாணவர் வீட்டில்தான் கிடைக்கும். அம்மாவிடமே கேட்டு வரலாம்.

ஐந்தில் மூன்றுக்குக் கையால் பதில் எழுத வேண்டும். இரண்டைத் தள்ள வேண்டும், ஏன் தள்ளினோம் என்று ஒரு வரியில் காரணமும் எழுத வேண்டும். தள்ளுவதைக் கட்டாயமாக்கினால்தான் இயந்திரம் சொல்வதெல்லாம் சரி என்ற எண்ணம் போகும்.

கருத்துக் கட்டுரை என்றால் இரண்டாவது கட்டளை: ‘என் கருத்தை ஏற்காத ஒருவர் சொல்லக்கூடிய 3 காரணங்களை, காரணத்துக்கு ஒரு வரியாகச் சொல். பதில் நீ சொல்லாதே.’ பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது, பிழை பார்ப்பது. ‘எழுத்துப்பிழை உள்ள சொற்களை மட்டும் பட்டியலிடு, வாக்கியத்தை மாற்றாதே.’ லகர ளகர ழகர, ரகர றகர, னகர ணகரப் பிழைகளை ஓரளவு பிடித்துவிடும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் விஷயத்தில் நம்ப வேண்டாம். சரியாக இருப்பதைத் தவறு என்று உறுதியாகச் சொல்லும். பட்டியலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் மாணவர் அகராதியில் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். சந்தியை நீங்களே பாருங்கள்.

வழக்கமாகக் கோளாறாகும் இடங்கள் சில உண்டு. எழுதித் தராதே என்று சொல்லியும் கடைசியில் ‘திருத்திய வடிவம் இதோ’ என்று ஒன்று நீட்டும், அல்லது எழுதித் தரட்டுமா என்று கேட்கும். உரையாடல் நீள நீள, முதலில் கொடுத்த தடை வலுவிழக்கும். ஒவ்வொரு வரைவுக்கும் புது உரையாடல் திறப்பதே தீர்வு. ‘மேம்படுத்து’, ‘செம்மைப்படுத்து’, ‘மெருகேற்று’ மூன்றும் வகுப்பில் தடை செய்யப்பட்ட சொற்கள். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் கட்டுரை முழுக்கத் திரும்ப எழுதப்பட்டு வரும். ‘அருமையான கட்டுரை!’ என்ற பாராட்டை அது எல்லாருக்கும் சொல்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்: வேண்டுமென்றே மோசமாக எழுதிய ஒரு பத்தியைத் திரையில் போட்டுக் கருத்துக் கேட்டாலே போதும்.

குறள் தனிப் பிரச்சினை. கேட்டால் குறள் மாதிரி ஒலிக்கும் இரண்டு வரியைத் தானே கட்டிக் கொடுத்துவிடும். அல்லது குறள் சரி, எண் தவறு. சரிபார்க்க மூன்று படி. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்கிறதா? எண்ணும் அதிகாரமும் பொருந்துகிறதா? அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் கணக்கு எளிது: கல்வி 40ஆம் அதிகாரம், ஆகவே 391 முதல் 400 வரைதான் இருக்க முடியும். இரண்டும் தேறினால் அச்சுப் புத்தகத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். தலைவர்கள் சொன்னதாகத் தரும் பொன்மொழிகளுக்கு இப்படிச் சோதனை கிடையாது. அவற்றை மொத்தமாகத் தடை செய்துவிடுவது நல்லது, கட்டுரைக்கும்தான்.

சந்தேகம் வந்தால்

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 7 கருவிகளில், டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய அந்தக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று முடிவு வந்தது. ஆங்கிலத்திலேயே இந்த நிலை.

மாதிரித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். ‘நீயா எழுதினாய்?’ என்று தொடங்கினால் பதில் ஒன்றுதான் வரும். ‘இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்ன குறையும்?’, ‘இங்கே எழுதலாம் என்று நினைத்து விட்டது எது?’, ‘திகழ்கிறது என்பதை வேறு எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். எழுதியவருக்கு விட்டுப்போனது எது என்று தெரியும். மறுநாள் அவர் கட்டுரையிலிருந்தே பத்துச் சொற்களை நீக்கிக் கோடிட்ட இடமாகக் கொடுத்தும் பார்க்கலாம். எழுதியவர் பெரும்பாலும் அதே சொல்லையோ அதற்குப் பக்கத்துச் சொல்லையோ போடுவார். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாறு பாருங்கள்: ஒட்டிய பத்தி ஒரே நொடியில் முழுசாக வந்து நிற்கும். இவை துப்புகள்தான், சாட்சியம் அல்ல. சந்தேகம் தீராவிட்டால் தண்டனைக்குப் பதில் வகுப்பில் உட்காரவைத்து இன்னொரு 20 நிமிட எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பிரிப்பது

25 மதிப்பெண் என்றால் முதல் வரைவுக்கு 8, இயந்திரக் கேள்விகளுக்கு எழுதிய பதிலுக்கும் தள்ளிய காரணத்துக்கும் 5, எதை ஏன் மாற்றினோம் என்ற அரைப்பக்கக் குறிப்புக்கு 4, இறுதி வடிவத்துக்கு 8. எழுத்துப்பிழைக்கு இறுதி வடிவத்தில் மட்டும் கழியுங்கள், அதுவும் 3க்கு மேல் வேண்டாம். இறுதி வடிவத்துக்கு 20 வைத்தால் மாணவர் அதை ஏஐயிடம் வாங்கிவிட்டு, முதல் வரைவைப் பின்னாலிருந்து தயாரிப்பார். அப்படித் தயாரித்த வரைவில் அடித்தல் திருத்தல் இருக்காது, பத்தி வரிசையும் மாறியிருக்காது.

பொதுத்தேர்வில் கையால்தான் எழுத வேண்டும், பக்கத்தில் ஏஐ இருக்காது என்பதைப் பெற்றோருக்குச் சொன்னால் இந்தப் பிரிப்புக்கு எதிர்ப்பு வராது.

வயது, போன், நேரம்

சாட்ஜிபிடி விதிப்படி 13 வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. ஆகவே பள்ளியில் ஆசிரியர் கணக்கு, ஒரே கருவி என்று வைத்துக்கொள்வது உத்தமம். வரைவில் மாணவர் பெயர், பள்ளிப் பெயர், வீட்டார் பெயர் இருந்தால் நீக்கிவிட்டு உள்ளிடுங்கள்.

ஒரு வரைவுக்கு நான்கைந்து நிமிடம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் எட்டுப் பேரை முடிக்கலாம். நாற்பது பேர் வகுப்பை எட்டு எட்டாகப் பிரித்து, வாரம் ஒரு குழுவுக்கு இயந்திரம் கேள்வி கேட்கட்டும். மற்ற குழுக்களில் அதே கட்டளையின்படி பக்கத்தில் இருப்பவர் ஐந்து கேள்வி எழுதித் தரட்டும். கையெழுத்துப் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் நேரம் மிச்சம்தான். ஆனால் தமிழ்க் கையெழுத்தில் கொம்பும் காலும் குழம்பி, எழுதாத சொல்லை எழுதியதாக எடுத்துக்கொள்ளும். அதனால் கேள்வி கேட்பதற்கு முன் ‘நீ படித்ததை அப்படியே தட்டச்சு செய்து காட்டு’ என்று சொல்லி, மாணவரை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவையுங்கள்.